சைபர் வலி

அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்கிற முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

அட்டையில் ஆறு முகங்கள். இடது ஓரத்தில் வாய் நிறையச் சிரிக்கும் முகம். அதன் கீழே சைபர். அங்கிருந்து சிரிப்பு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போய், வலது ஓரத்தில் கண்ணீர் விட்டு அழும் முகம். அதன் கீழே பத்து. வலியை எண்ணிச் சொல்லத் தெரியாத பிள்ளைகளிடம் கேட்டறிய என்று எங்கள் டாக்டர் மதுரையில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போனபோது வாங்கி வந்தது. மூலையில் ஓட்டை போட்டு, எடை மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தோம். வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதனால் எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

"வலி எப்படி இருக்கு? இதுல தொட்டுக் காட்டு பாப்போம்" என்றேன்.

தொட்டாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

நான் சீட்டில் ‘வலி’ என்ற கட்டத்தில் சைபர் எழுதினேன்.

பெயர் முத்துச்செல்வி. ஒன்றாம் வகுப்பு. பள்ளிச் சீருடையோடு, முதுகில் பையோடு வந்திருந்தாள். மத்தியானம் சோற்றைத் தொடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் போன் செய்திருக்கிறார். அம்மா மாரியம்மாளுக்கு விசைத்தறியில் வேலை. அப்பா கேரளாவில் ஒரு பேக்கரியில். மாரியம்மாள் தறியை அப்படியே விட்டுவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நேத்துல இருந்து வலிக்கு வலிக்குன்னுதான் சிஸ்டர் சொன்னா. இப்பம் பாத்தா சிரிக்க பொம்மையத் தொடுதா. ஏட்டி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவா இந்தப் பாடு படுத்துன?"

தறியில் வேலை செய்கிறவர்கள் மெதுவாகப் பேச மாட்டார்கள். நாற்பது தறி ஓடுகிற கூடத்தில் பேசிப் பழகிய தொண்டை அது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்து தலையைக் குனிந்துகொண்டாள்.

எண்ணுகிற வேலை

போன வாரம் இந்தத் தொடரில் ஊசி போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஊசி குத்துவதைத் தவிர வேறு வேலை உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு தாயே. எண்ணுகிற வேலை.

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. ஒரு டாக்டர், பத்துப் படுக்கை, ஒரு மருந்து ஜன்னல். டாக்டர் அறைக்கு வெளியே எடை மெஷினுக்குப் பக்கத்தில் என் ஸ்டூல். வருகிற பிள்ளையை முதலில் நான் பார்த்து, ஒரு சீட்டில் ஐந்து எண் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். மூச்சு, பல்ஸ், காய்ச்சல், எடை, வலி.

இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மூச்சு. பிள்ளையைத் தொடாமல், அதன் கண்ணைப் பார்க்காமல், தாய் மடியில் இருக்கும்போதே வயிறு ஏறி இறங்குவதை எண்ணிவிட வேண்டும். தொட்டால் அழும். அழுதால் அதற்குப் பிறகு எண்ணுவதெல்லாம் அழுகையின் எண். ஆகவே நான் சுவர்க் கடிகாரத்தையும் குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். தாய்மார்களுக்கு இது பிடிக்காது. "எதுக்கு சிஸ்டர் பிள்ள வயித்தையே அப்படி வெறிச்சுப் பாக்கிய?" என்று முந்தானையை இழுத்து மூடிவிடுவார்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

எண்ணுவதும் முழு நிமிஷம் எண்ண வேண்டும். கைக்குழந்தை நம்மைப் போல ஒழுங்காக மூச்சு விடாது. நாலு மூச்சு வேகமாக விடும், அப்புறம் கொஞ்சம் சும்மா இருக்கும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கிடைப்பது நம்முடைய வாய்ப்பாடு. எண்ணவே எண்ணாமல், வருகிற பிள்ளைக்கெல்லாம் இருபத்துநாலு என்று எழுதுகிற நர்ஸுகளை எனக்குத் தெரியும். அழுகிற பிள்ளைக்கும் இருபத்துநாலு, தூங்குகிற பிள்ளைக்கும் இருபத்துநாலு. அவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார் என்று ஊருக்கே தெரியும். இந்தப் பெருமையை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு.

எடை இன்னொரு தொல்லை. சத்தமாகச் சொல்லக்கூடாது. சொன்னால் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும். திருவேங்கடம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மா, நான் "எட்டே முக்கால்" என்று வாய் திறந்ததும் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அன்றிலிருந்து எடையைத் தாய்மாரின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டுகிறேன். அவர்கள் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொள்வார்கள். வளையல், கொலுசு, அரைஞாண் கொடி எதையும் கழற்ற விட மாட்டார்கள். அதற்கு மட்டும் ஒரு குத்துமதிப்பாகக் கழித்துக்கொள்வேன்.

வேற்றாள்

வளர்ச்சியைப் பார்ப்பது தனி. அதற்கு ஒரு தாளில் கட்டங்கள் இருக்கும். தலை நின்றதா, குப்புற விழுந்ததா, உட்கார்ந்ததா, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொரியை எடுக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்.

கடையநல்லூரிலிருந்து ஒரு தகப்பனார் ஒன்பது மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். துபாயில் வேலை, பிள்ளை பிறந்த பிறகு முதல் லீவு. உள்ளே வந்ததும் வராததுமாக, "பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு பாருங்க சிஸ்டர்" என்றார்.

"ஏன், என்ன செய்யுதான்?"

"என்னையப் பாத்தாலே அழுதான். உம்மாட்ட போறான், மாமிட்ட போறான், பக்கத்து வீட்டுப் பிள்ளைட்டகூடப் போறான். வாப்பாவ மட்டும் தெரியல."

மணி ஆட்டிப் பார்த்தேன், திரும்பினான். பந்தை உருட்டினேன், துரத்தினான். பொரியை எடுத்து நேராக வாயில் போட்டான். எல்லாக் கட்டத்திலும் டிக். ‘வேற்றாளைப் பார்த்தால் அழும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் டிக் போட்டுவிட்டு, "இந்த வயசுக்கு இது நல்லதுதான்" என்றேன்.

"அப்ப நான் வேத்தாளா சிஸ்டர்?"

அதற்கு என் தாளில் கட்டம் கிடையாது. அவர் எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய், அங்கே நின்றுகொண்டு மனைவியின் போனுக்கு வீடியோ போட்டார். மடியில் இருந்த பையன் போனைப் பார்த்துக் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு சிரித்தான். அவர் போனைப் பிடித்தபடியே மெதுவாக நடந்து வந்தார். கிட்டே வந்ததும் பையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான், வீரிட்டு அழுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அம்மை ஊசிக்கு வந்தபோது பையன் அவர் தோளில் உட்கார்ந்து காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். அந்த வாரம்தான் அவருக்குத் துபாய்க்குத் திரும்ப டிக்கெட்.

நூற்று முப்பத்தெட்டு

முத்துவிடம் வருகிறேன்.

அவளுக்கு மூச்சை முழு நிமிஷம் எண்ணினேன். கொஞ்சம் வேகம். காய்ச்சல் நூறுக்குச் சற்றுக் கீழே. மணிக்கட்டைப் பிடித்து பல்ஸையும் முழு நிமிஷம் எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு.

ஆறு வயதுப் பிள்ளைக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இது அதிகம். பயத்தில் ஏறும்தான். பயத்தில் ஏறியது ஐந்து நிமிஷம் மடியில் உட்கார வைத்தால் இறங்கும். வலியில் ஏறியது இறங்காது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நான் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் காது புளிக்கச் சொல்கிற விஷயம்.

நான் எண்ணவில்லை. அட்டையில் சைபர் என்று பிள்ளையே சொல்லிவிட்டது, பெற்ற தாயும் மட்டம் போடுகிறாள் என்கிறாள், பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பயம் என்று முடிவு கட்டி உள்ளே அனுப்பிவிட்டேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், சட்டைக்கு மேலேயே வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். முத்து வாயைத் திறக்கவில்லை. பூச்சி மாத்திரையும் வாயுவுக்கு ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நான் அடுத்த பிள்ளையின் வயிற்றைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சு எடுக்க மருந்து ஜன்னல் பக்கம் போனேன். மாரியம்மாள் சிரப் பாட்டிலைப் பள்ளிக்கூடப் பைக்குள் திணிக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். நோட்டுகளை எடுத்துப் பெஞ்சில் போட்டிருந்தாள். பக்கத்தில் முத்து முன்னால் வளைந்து, முழங்கால் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் ஒரு நோட்டின் பக்கங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊதா மையில் ஒரு சீல். சிரிக்கிற முகம்.

"இது என்னது முத்து?"

"எல்லாம் சரியா எழுதுனா டீச்சர் சிரிக்க பொம்மை போடுவாங்க."

"தப்பா எழுதுனா?"

"அழுவ பொம்மை."

குனிந்து கேட்டேன். "அப்ப நான் காட்டுன அட்டையில எதைத் தொட்ட?"

"சரியானதத்தான் தொட்டேன்" என்றாள்.

அவளைத் தூக்கி நிறுத்தினேன். வயிற்றுக்குள் பெரிதாக ஏதாவது இருந்தால் பிள்ளை குதிக்காது. "ஒரே ஒரு தடவை குதி, பாப்போம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "வேண்டாம் சிஸ்டர்" என்றாள் முத்து.

"ஏன்?"

"வயிறு கீழ விழுந்துரும்."

பல்ஸைப் பிடித்தேன். நூற்று நாற்பத்தாறு. அவள் கை சில்லென்று இருந்தது. அய்யோ பாவி மட்டை, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாரியம்மாள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறையைப் பார்த்து நடந்தேன்.

பத்தடி தூரம்

மருந்து ஜன்னலிலிருந்து டாக்டர் அறைக்குப் பத்தடி இருக்கும். நடந்துகொண்டே சீட்டைப் பார்த்தேன். வலி: சைபர். என் கையெழுத்து, அடியில் என் பெயர். சட்டைப் பையில் பேனா இருந்தது.

சைபருக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் பத்து.

போட்டேன். யோசித்துப் போட்டேனா, யோசிக்காமல் போட்டேனா என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசித்துத்தான் போட்டேன். பிள்ளைக்கு வலி பத்து, அது உண்மை, உண்மையைத்தானே எழுதுகிறேன் என்றுகூட ஒரு நியாயம் அந்தப் பத்தடிக்குள் தோன்றியது.

டாக்டர் முத்துவைப் படுக்கவைத்து, சட்டையை விலக்கி, வலது பக்கம் கீழே அமுக்கிக் கையைச் சட்டென்று எடுத்தார். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளை அலறினாள். குடல்வால். டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார்.

"பத்தா? நான் சைபர்னுல்லா பாத்தேன்?"

நான் முத்துவின் சட்டையை இழுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பத்துதான். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கிய. நான்தான் கவனிக்கல" என்றார். அப்படியே மாரியம்மாளிடமும் திரும்பி, "தப்பு என் பேர்லதாம்மா" என்றார். எந்த டாக்டர் இப்படிச் சொல்வார்? இவர் சொன்னார். நான் வேனுக்குப் போன் செய்யப் போய்விட்டேன்.

திருநெல்வேலிக்குப் போகிற வேனில் முத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். வழியெல்லாம் பல்ஸை எண்ணினேன், எண்ணுவதற்கு அவசியம் இல்லாதபோதும் எண்ணினேன். சாயங்காலம் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வெடித்திருக்கும், நல்ல வேளை கொண்டுவந்தீர்கள் என்றார் அங்கிருந்த சர்ஜன். சீட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற நர்ஸ் யார் என்றும் கேட்டார். மாரியம்மாள் என்னைக் கைகாட்டினாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரமே எங்கள் டாக்டர் கண் பரிசோதனைக்குப் போனார். பவர் மாறவில்லை, பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். இருந்தாலும் புதிது வாங்கினார். அதோடு விடவில்லை. அன்றிலிருந்து சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுகிறார். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் அதை நான் கேட்கிறேன்.

பொய் சொல்கிற பிள்ளை

முத்து பிழைத்தாள். வளர்ந்தாள். சளி, காய்ச்சல் என்று எங்களிடம்தான் வருவாள். வருகிறபோதெல்லாம் மாரியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வாள். "சாகக் கிடக்கா, அப்பவும் வலிக்கலன்னு சிரிக்க பொம்மையத் தொடுதா எம் மவ! அப்படி ஒரு பொய்க்காரி. சிஸ்டர் மட்டும் கண்டுபிடிக்கலன்னா?" எல்லோரும் சிரிப்பார்கள். முத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் எடை மெஷினைத் துடைப்பேன்.

சிரிக்கிற முகத்தைத் தொட்டாள் என்றால் சீட்டில் சைபர்தானே இருந்திருக்கும், இவ்வளவு சத்தமாகச் சொல்கிற கதை டாக்டர் காதுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். அவர் அறையில் ஏசி, கதவு சாத்தியிருக்கும். அவருக்கு எதிரே போய் நின்றால் மாரியம்மாளுக்கு மரியாதையில் குரலே எழும்பாது.

போன மாதம் முத்து தொண்டை வலி என்று வந்தாள். இப்போது ஏழாவது படிக்கிறாள், என் தோள் உயரம். தெர்மாமீட்டரை வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"ரொம்ப வலிக்கா?"

"வலிக்கு. எதுக்கும் அம்மைட்டயும் கேட்டுக்கோங்க சிஸ்டர்" என்றாள். "நான் சொன்னா வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க. சின்னதுலேயே பொய் சொன்னவன்னு சொல்லுவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பெயரையும் வயதையும் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒரு பிள்ளையின் பேரை ஆறு வருஷமாகக் கெடுத்துக்கொண்டு, அவள் அம்மா கொண்டுவருகிற மல்லிகைப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"முத்து, அன்னைக்கு நீ பொய் சொல்லல. நான்தான் பிள்ளைக்குப் புரியாத மாதிரி கேட்டேன். உன் பல்ஸ எண்ணினேன். அது வலிக்குன்னு சொல்லிச்சு. நான் நம்பல. தப்பு என்னுது."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"இத எங்கம்மைட்ட சொல்லுங்க" என்றாள். "சத்தமாச் சொல்லணும். தறியில நின்னு நின்னு அவளுக்கு இப்பம் காது சரியாக் கேக்காது."

வராந்தாவில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். நான் போய் மாரியம்மாள் முன்னால் நின்று சொன்னேன். "என்னது?" என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் "என்னது சிஸ்டர்?" என்றாள். மூன்றாவது தடவை கத்தினேன். ஒரு கைக்குழந்தை பயந்து அழுதது. மாரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் மகளின் தலையைத் தடவி, "அப்பமே சொல்லப்பிடாதாட்டி?" என்றாள். "சொன்னேன்லா" என்றாள் முத்து.

ஆனால் சைபருக்கு முன்னால் போட்ட அந்தக் கோட்டைப் பற்றி அவர்களிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எங்கள் டாக்டர் இந்தத் தொடரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். பத்திரிகை எங்கள் ஊருக்கு வியாழக்கிழமை காலை வரும். வெளியே நோயாளிகள் காத்திருந்தாலும், படித்து முடித்துவிட்டுத்தான் முதல் சீட்டை உள்ளே அனுப்பச் சொல்வார்.

இந்த வியாழக்கிழமை எனக்குக் காலை டியூட்டி.